கொரம்பில் யாரும் இல்லாத நாள்

காரைக்கால்,
25 ஏப்ரல் 1956

அன்புள்ள நாகூர் மீரான் நானா அவர்களுக்கு, தங்கை ஆஸியா பீவி ஸலாம் கூறி எழுதுவது.

இந்தக் கடிதத்தில் எதையும் கூட்டாமல் குறைக்காமல், கண்டதைக் கண்டபடியும் கேட்டதைக் கேட்டபடியும் உண்மையாக எழுதப்போகிறேன். இதுவரை உங்களுக்கு வந்த கடிதங்களெல்லாம் உம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியவை. அவற்றில் எப்போதும் மூன்று வாக்கியங்கள் இருக்கும். நாங்கள் சுகம். வாப்பா சுகம். மதகு வேலை நல்லபடியாக நடக்கிறது. முதல் வாக்கியம் சரிதான். மற்ற இரண்டையும் எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. அதனால் இதை உம்மாவிடம் காட்டாமல் எழுதுகிறேன். தபால்தலைக்குக் காசு என் உண்டியலில் இருக்கிறது.

நீங்கள் சைகோனுக்குக் கப்பல் ஏறியபோது, விழிதியூருக்குக் கீழே ஆற்றில் மதகு வரப்போகிறது என்பது வெறும் பேச்சு. இப்போது அங்கே முந்நூறு பேர் வேலை செய்கிறார்கள். கடல் தண்ணீர் ஏறாமலிருக்க ஆற்றின் குறுக்கே மூங்கில் நட்டு, தென்னங்கீற்று அடைத்து, மண் போட்டுத் தற்காலிகமாக ஒரு கொரம்பு கட்டியிருக்கிறார்கள். கொரம்புக்கு இந்தப் பக்கம் பெரிய குழி. அதில்தான் மதகின் தளம் போடுகிறார்கள். குழியில் ஊற்று சுரந்துகொண்டே இருப்பதால் எண்ணெய் என்ஜின் ஒன்று இரவும் பகலும் இறைக்கிறது. பீர் மைதீன்தான் அதை ஓட்டுகிறார். மதகுக்குக் கதவு செய்பவர் தியாகராசன் ஆசாரி. மண் வேலைக்கு நெரவி ஆட்கள். அவர்களுக்குத் தலைவி ராசாத்தி அக்கா. எல்லாருக்கும் மேலே மேஸ்திரியாக வாப்பா.

ஆனி மாதம் மேட்டூர்த் தண்ணீர் நம் கடைமடைக்கு வந்துவிடும். அதற்குள் கதவை மாட்டிக் கொரம்பை வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் வந்த தண்ணீருக்குப் போக வழியில்லாமல் நெரவி வயல்களில் ஏறிவிடும். அதற்கு முன்பே கொரம்பு உடைந்தால் அதே வயல்களில் உப்புத் தண்ணீர் ஏறிவிடும். இரண்டு தண்ணீருக்கும் நடுவில் வாப்பா நிற்கிறார்கள்.

வேலை ஏன் பிந்துகிறது என்று கேட்பீர்கள். சிமெண்டு மூட்டைகள் பேரளம் ஸ்டேஷனிலேயே கிடந்தன. அனுமதிக் காகிதத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்று சர்க்கார் கச்சேரியில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிரஞ்சுக்காரர் காலத்தில் போட்டவர் புதுச்சேரிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர், "எனக்கு உத்தரவு வரலை" என்கிறார். இது ஒன்று.

இன்னொன்று வாப்பாவின் குணம். விழிதியூர்க்காரர்கள் வந்து, மதகுமேல் வண்டி போகிற மாதிரி இருந்தால் நல்லது என்றார்கள். வாப்பா, "ஆகட்டும்" என்றார்கள். சலவைத் தொழிலாளிகள் வந்து படித்துறை கேட்டார்கள். ஆகட்டும். மீன்பிடிக்கிறவர்கள் வந்து, சின்னப் படகு ஒன்று நுழைய வழி வேண்டும் என்றார்கள். அதற்கும் ஆகட்டும். வண்டி போக வேண்டுமென்றால் தூண் தடிக்க வேண்டுமாம். தூண் தடித்தால் கதவு குறுக வேண்டுமாம். அறுத்து வைத்த தேக்குப் பலகைகளை ஆசாரி மறுபடியும் அறுக்கிறார். "பாய், இது மதகா, மச்சு வீடா? நாளைக்குப் பள்ளியறை கேட்டாலும் ஆகட்டும்னுதான் சொல்வீங்க" என்றாராம். வாப்பா சிரித்தார்களாம். இஞ்சினியர் சண்முகசுந்தரம் சிரிக்கவில்லை. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயசு, நல்லவர்தான். இன்னொரு தரம் வேலை தடைப்பட்டால் நாகப்பட்டினத்து மேஸ்திரியிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்று வாப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்று வாப்பா நோன்பு திறக்கும்போது கஞ்சிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். உம்மா இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் குடித்தார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் வாப்பாவின் கெட்டிக்காரத்தனத்தை எல்லாரும் மெச்சுகிறார்கள். அமாவாசையன்று ஆசாரிமாரும் கொத்தனார்களும் உளியையும் கரண்டியையும் தொடமாட்டார்கள். ஆனால் அமாவாசையை ஒட்டித்தான் கடல் ஓதம் அதிகமாக ஏறும், கொரம்பில் ஆள் நின்றே ஆக வேண்டும். அதனால் அமாவாசைக்கு நம்மவர்களும் நெரவி ஆட்களும் நிற்பார்கள். மே பன்னிரண்டு நெரவியில் தீமிதி. அன்று நெரவி ஆட்கள் வரமாட்டார்கள், நம்மவர்கள் நிற்பார்கள். பதின்மூன்று நமக்குப் பெருநாள். அன்று அவர்கள் நிற்பார்கள். ஒருவர் பண்டிகைக்கு மற்றவர் காவல். இதை வாப்பா எங்கும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் தலைக்குள்தான்.

நெரவி ரோட்டு வேலையில் நீங்கள் வாப்பாவுடன் இருந்தபோது சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "ஒரு ஆளு மண்டைக்குள்ள மொத்த வேலையும் இருந்தா, அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தா வேலைக்கும் காய்ச்சல்" என்றீர்கள். "என் மண்டையை அளக்க நீ வரவேணாம்" என்றார்கள் வாப்பா. அடுத்த மாதம் நீங்கள் சைகோனுக்கு, மாமாவின் கடைக்குப் போய்விட்டீர்கள். யார் சரி, யார் தப்பு என்று நான் எழுத வரவில்லை. விடிவதற்கு முன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்போது வாப்பா ஏற்கனவே விழித்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை எழுதத்தான் வந்தேன். கேட்டால் வாயு என்கிறார்கள்.

துஆவுடன்,
ஆஸியா பீவி

*

காரைக்கால்,
11 மே 1956, மாலை

அன்புள்ள நானா அவர்களுக்கு, ஸலாம்.

பிறை தெரிந்துவிட்டது! முப்பது நோன்பும் வரும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். மஃரிபு தொழுகைக்குப் பிறகு மேகம் விலகியது. எதிர்வீட்டு மாடியில் இருந்தவர்கள் முதலில் கத்தினார்கள். நானும் பார்த்தேன். நகத்தை வெட்டிப் போட்டது போல அவ்வளவு மெல்லியது. பள்ளிவாசலில் நகரா முரசு முழங்கியது, ஊரெல்லாம் கேட்டிருக்கும். நாளைக்கே பெருநாள்.

உம்மா ஒரு நாள் வேலையை ஒரு மணியில் முடிக்கப் பார்க்கிறார்கள். வட்டிலாப்பத்துக்குத் தேங்காய்ப் பால் பிழிந்தது நான்தான், விரல் சுருங்கிப்போயிற்று. வாப்பா ஏழைகளுக்கு ஃபித்ரா அரிசி கொடுக்கப் போயிருக்கிறார்கள். தையற்காரரிடம் சட்டையும் வாங்கிவர வேண்டும். நேற்று அமாவாசை நல்லபடியாகக் கழிந்தது. ஓதம் கொரம்பின் தலைக்கு ஒரு முழம் கீழே வரை வந்து திரும்பியதாம். இன்றைக்கும் நாளைக்கும் இன்னும் ஏறுமாம். தளத்தின் கடைசிப் பகுதியை இன்று காலை போட்டுவிட்டார்கள். நோன்போடு வெயிலில் நின்றும் வாப்பா முகம் தெளிவாக இருந்தது.

நாளைக்கு நெரவியில் தீமிதியும் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டு கொண்டாட்டம். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதையோ அடுப்பில் வைத்துவிட்டு மறந்தது போல ஒன்று என்னை அரிக்கிறது. அடுப்படியில் போய்ப் பார்த்தேன். எல்லாம் இறக்கித்தான் இருந்தது.

பெருநாள் வாழ்த்துடன்,
ஆஸியா பீவி

*

காரைக்கால்,
14 மே 1956

அன்புள்ள நானா அவர்களுக்கு, ஸலாம்.

பிறை தெரிந்த அன்று எழுதிய கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. இதையும் அதனோடு வைத்து அனுப்புகிறேன். இரண்டையும் வரிசையாகப் படியுங்கள்.

பெருநாள் தொழுகை முடிந்து வாப்பா வீட்டுக்கு வந்தார்கள். பின்னாலேயே பீர் மைதீன் ஸலாம் சொல்ல வந்தார். புதுச் சட்டை, அத்தர் வாசனை. வாப்பா அவரைக் கட்டித் தழுவி, பக்கத்தில் உட்காரவைத்தார்கள். உம்மா இடியாப்பமும் கறியும் எடுத்து வைத்தார்கள். நான் தண்ணீர் கொண்டுபோனேன். அப்போதுதான் என்னை அரித்தது என்னவென்று எனக்கே தெரிந்தது.

"மாமா, நீங்க இங்க இருக்கீங்க. என்ஜின்கிட்ட யாரு இருக்காங்க?" என்று கேட்டேன்.

பீர் மைதீன் சிரித்தார். "பெருநாளும் அதுவுமா ஓங்களுக்கு என்ஜின் கவலையா? நமக்குப் பெருநாள்னா ராசாத்தி ஆளுங்க நிப்பாங்க. அப்படித்தானே ஏற்பாடு? வால்வை மூடிப் போட்டுட்டு வந்தேன், அவங்கள்ல ஒருத்தருக்கு ஓட்டத் தெரியும்."

வாப்பா, "ராசாத்திக்கு இன்னைக்குத் தீமிதி" என்றார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள்.

"அப்ப ஆசாரி?" என்றார் பீர் மைதீன்.

"ஆசாரி கதவு மாட்ட வருவாரு, நின்னுக்குவாருன்னு நான் நெனைச்சேன். நீங்க என்ஜின் ஓட்ட வரலைன்னா அவருக்கு அங்க என்ன வேலை…" என்று இழுத்தார்கள் வாப்பா.

வாப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. நானா, பிறை தெரிந்தது ஊருக்கே தெரியும். நெரவிக்கும் நகரா கேட்டது. ஆசாரியும் கேட்டிருக்கிறார். எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதனாலேயே யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தீமிதியும் பெருநாளும் அடுத்தடுத்த நாளில் வரும் என்று வாப்பா போட்ட கணக்கு ஒரே நாளில் வந்து விழுந்துவிட்டது. மேஸ்திரிக்குத் தெரியாததா, வேறு ஆள் போட்டிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். மேஸ்திரியும் அப்படியே நினைத்தார்.

கை கழுவாமலே இரண்டு பேரும் சைக்கிளில் போனார்கள். பீர் மைதீன் மிதிக்க, வாப்பா பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஜட்கா கூப்பிடு" என்றார்கள். சோற்றுச் சட்டியும் வாப்பாவின் பழைய கைலியும் எடுத்துக்கொண்டோம்.

வழியில் நெரவிக் கோயிலில் வாப்பா இறங்கியதை ராசாத்தி அக்கா பிற்பாடு சொன்னதால் எழுதுகிறேன். மஞ்சள் சேலையும் கையில் காப்புமாக அவர் நின்றிருந்தாராம். வாப்பா தொப்பியோடு பந்தலுக்கு வெளியே நின்று, கொரம்பில் ஆள் இல்லை என்று மட்டும் சொன்னார்களாம். "பாய், காப்புக் கட்டிட்டேன், எல்லை தாண்டக் கூடாது" என்றாராம் அவர். வாப்பா சரியென்று திரும்பிவிட்டார்களாம், ஒரு வார்த்தை மேலே கேட்கவில்லையாம். அவர்கள் திரும்பி நடந்ததைப் பார்த்ததும் இவருக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாராம்: "காப்புக் கட்டாம வேடிக்கை பாக்க வந்த காலெல்லாம் கொரம்புக்கு ஓடுங்க! தீ எங்கயும் போயிடாது, சாயங்காலந்தான்!" சர்க்கரைப் பொங்கல் வாங்க நின்றவர்கள் இலையைப் போட்டுவிட்டு ஓடினார்களாம்.

நாங்கள் போனபோது கண்டதை இனி எழுதுகிறேன். குழி குழியாக இல்லை, குளமாக இருந்தது. முந்தினநாள் போட்ட தளம் கண்ணுக்கே தெரியவில்லை. கொரம்பின் தென்கோடியில் ஒரு வாசல் அகலத்துக்கு மண் சரிந்து கடல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அது பெரிய சத்தம் போடும் என்று நினைத்திருந்தேன். போடவில்லை. பானையிலிருந்து தண்ணீர் சாய்ப்பது போன்ற சத்தம்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாப்பா புதுச் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று கீற்றை மிதித்து அமுக்கிக்கொண்டிருந்தார்கள். பீர் மைதீன் என்ஜினைத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறார், அது இருமிவிட்டு நின்றுபோகிறது. அதற்குள் நெரவி ஆட்கள் கூடையோடு வந்து இறங்கினார்கள். ஆசாரி எப்படிக் கேள்விப்பட்டாரோ, வந்தார். கதவுக்காக இழைத்து வைத்திருந்த தேக்குப் பலகைகளைத் தானே தூக்கிக்கொண்டுபோய் உடைப்பில் குறுக்கே இறக்கினார். இரண்டு தரம் அறுத்த பலகைகள், நானா. பலகைக்குப் பின்னால் மண் நின்றது.

ஓதம் இறங்கத் தொடங்கியபோது உடைப்பு அடைபட்டிருந்தது. வயலுக்கு உப்பு ஏறவில்லை. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும், மன்னியுங்கள். தளத்தின் கடைசிப் பகுதி மட்டும் அரித்துப்போய்விட்டது. அதை உடைத்து மறுபடி போட வேண்டும்.

கரை ஏறும்போது வாப்பா பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள். முகம் சாம்பல் நிறம். உம்மா எல்லார் முன்னாலும் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார்கள். உம்மா அப்படி வெளியில் ஓடி நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், இது வாயு இல்லை, இருதயம் களைத்திருக்கிறது, ஒரு மாதமாவது படுத்திருக்க வேண்டும் என்று சொன்னார். மறுநாள் காலை வாப்பா வேலைக்குப் போய்விட்டார்கள். இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்று உம்மா என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இஞ்சினியர் நேற்று வந்தார். அன்றைக்கு யார் நிற்க வேண்டியவர் என்று கேட்டாராம். பீர் மைதீன் ராசாத்தி ஆட்களைக் காட்டினார். அவர்கள் ஆசாரியைக் காட்டினார்கள். ஆசாரி பீர் மைதீனைக் காட்டினார். வாப்பா, "யாரையும் கேக்காதீங்க சார். ஆள் போட வேண்டியவன் நான், போடலை" என்றார்களாம். இஞ்சினியர், "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா இந்த வேலை முழுசும் வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாராம். வாப்பாவுக்குச் சமமாக நின்று, பாதிச் சுமையைத் தாங்கக்கூடிய ஒருவர் பெயரை வைகாசி முடிவதற்குள் சொன்னால் வேலை வாப்பாவிடமே இருக்கும், இல்லாவிட்டால் நாகப்பட்டினத்து மேஸ்திரிக்குப் போகும் என்று சொல்லிவிட்டார். பீர் மைதீனைச் சொல்லலாமே என்றேன். அவருக்கு என்ஜின்தான் தெரியும், ஆசாரியிடம் அவர் பேச்சு செல்லாது என்றார்கள் உம்மா.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் வேலை விட்டதும் வாப்பா எல்லாத் தலைவர்களையும் கரையில் உட்காரவைத்தார்களாம். நாளைக்கு யார் எங்கே நிற்பார் என்பதை ஒவ்வொருவரும் மற்றவர்கள் கேட்க வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம், தெரிந்ததாக இருந்தாலும். ஆசாரி கேலியாக, "நாளைக்குச் சூரியன் கிழக்கால உதிக்கும் பாய், அதையும் சொல்லிடுறேன்" என்றாராம். எல்லாரும் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை. "சொல்லுங்க. அதையும் சொல்லுங்க" என்றார்களாம். சிரிப்பு நின்றுவிட்டதாம்.

இன்று விழிதியூர்க்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து, மதகுக்குப் பக்கத்தில் ஒரு சுமைதாங்கி கட்டித் தரக் கேட்டார். வாப்பா, "முடியாதுங்க" என்றார்கள். அவர் போன பிறகு, எதையோ தொலைத்தவர்கள் போல இருந்தார்கள்.

நான் எழுதிக்கொண்டிருப்பதைச் சற்று முன் வாப்பா பார்த்துவிட்டார்கள். பயந்துபோய்த் தாளைக் கையால் மறைத்தேன். கோபிக்கவில்லை. "சைகோனுக்கு லெட்டர் போய்ச் சேர எத்தனை நாளாகும்?" என்று கேட்டார்கள். விமானத் தபாலில் போட்டால் பத்து நாளுக்குள் கிடைக்கும் என்றேன். பதில் தந்தியாக வந்தால் அன்றைக்கே கிடைத்துவிடும் என்றும் சொன்னேன், அதை அவர்கள் கேட்டிருக்கவில்லை. பிறகு, "பெருநாள் ஸலாம் சொன்னேன்னு எழுது" என்றார்கள்.

எழுதிவிட்டேன், நானா. உங்களை வரச் சொன்னார்கள் என்று எழுதினால் அது பொய். சொல்லவில்லை. வைகாசி இன்று பிறந்திருக்கிறது. இஞ்சினியரிடம் வாப்பா இன்னும் யார் பெயரையும் சொல்லவில்லை. அதுவும் உண்மை.

அல்லாஹ் உங்களைக் கரையிலும் கடலிலும் காப்பானாக.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
ஆஸியா பீவி

பி.கு.: வாப்பா மறுபடி வந்து, "முடிச்சிட்டியா?" என்று கேட்டார்கள். முடித்துவிட்டேன் என்றேன். முகவரி சரியாக இருக்கிறதா என்று உறையை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். சரியாக இருந்தது. விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.